மீதி ஏழு

அறுபது கொடுத்தோம்.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று,
இருபத்தெட்டு நாளைக்கு ஐம்பத்தாறு.
டப்பாவில் நாலு மீதி வரவேண்டும்.
நாலு வந்தது.
பிறகு சுருக்குப்பையைத் திறந்து
பீடி இலையில் மடித்த மூன்றைத் தட்டில் வைத்தாள்.

பாளையங்கோட்டையில்
ஏசி ஒழுகும் இந்தப் பின்னறையில்
மாத்திரை எண்ணுவது என் உத்தியோகம்.
நீலத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி,
ஐந்தைந்தாகத் தள்ளுவேன்.
உலகம்மாள் என் விரலையே பார்ப்பாள்.
முக்கூடலில் நாற்பது வருசம்
இருபத்தஞ்சுக்கு ஒரு கட்டு எண்ணியவள்.
"நீ எண்ணி முடிக்கதுக்குள்ள
நான் ரெண்டு கட்டு வச்சிருவேன் பிள்ளே."

மூன்று வருசம் அடங்கிக் கிடந்த வெள்ளணு
போன ஐப்பசியில்
கழுத்தில் நெறி கட்டித் திரும்பியது.
"சீக்கு மறுவீடு வந்திருக்கு.
பலகாரமா சுட்டு வைக்க முடியும்?"

ஒப்புதல் படிவம் இருபத்துமூன்று பக்கம்.
வாசிக்க வாசிக்க
சோதனை என்ற சொல்லில் கையைக் காட்டி நிறுத்தினாள்.
"யாருக்குச் சோதனை, மருந்துக்கா எனக்கா?"
ரெண்டுக்கும்தான் என்றார் டாக்டர்.
அந்தப் பதில் பிடித்துப்போய்க் கையெழுத்துப் போட்டாள்,
'உ' மட்டும் பெரிதாக.

பழைய மருந்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று
படம் வரையப் போனேன்.
"முன்ன ஒரு செக்கர் இருந்தான்.
ஒரு பீடி சொத்தைன்னா கட்டோட ஒடிச்சுப் போடுவான்.
இவன் சொத்தையை மட்டும் உருவிக் கழிக்கான்.
அதானே?"
அதுதான்.
சமயத்தில் நல்லதையும் உருவிவிடுவான் என்பது
பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.
அதையும் வாசித்தேன்.

இலையில் இருந்த மூன்றும் கித்தேரியம்மாளுக்கு.
அதே பெஞ்சு, அதே நோய், அதே மாதம்.
உவரியில் கருவாடு விற்கிறவள்.
ஈசிஜி தாளில் துடிப்பு இடறி இடறி ஓடியது.
ஆய்வில் சேர்க்க முடியாது என்று
நான்தான் போய்ச் சொன்னேன்.
"இதுக்கு ஒரு தாளா?
எனக்குத் தெரியாதா என் நெஞ்சு."

மூன்று ராத்திரி வாயில் போடாமல் எடுத்துவைத்து
திசையன்விளையில் பஸ் மாறி
உவரிக்குப் போயிருக்கிறாள் உலகம்மாள்.
அவள் வாங்கி மோந்து பார்த்தாளாம்.
"புகையிலை வாடை அடிக்கி.
என் நெஞ்சுக்கு ஆகாதுன்னுல்லா சொன்னாவ.
நீயும் முழுங்காம இருந்தா
ரெண்டு பேருக்கும் இல்லாமப் போவும்ட்டி.
கொண்டு போ."
அரைக்கிலோ நெத்திலியும் கொடுத்து
பஸ் ஏற்றிவிட்டாளாம்.

கத்தினேன்.
முழுங்கியிருந்தால், அந்த நெஞ்சு நின்றிருந்தால்,
யார் பொறுப்பு என்று கத்தினேன்.
வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
உலகம்மாள் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒளிச்சிருக்கலாம்லா.
கணக்குல பொய் நிக்கப்படாதுன்னுதான் கொண்டாந்தேன்."

படிவத்தில் நாலு கட்டம்.
மறதி. வாந்தி. தொலைந்தது.
இதர காரணம் (குறிப்பிடுக).
கடைசிக் கட்டம் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
'மூன்று வேளை தவறியது.
மாத்திரைகள் உவரி சென்று திரும்பின'
என்று பொடி எழுத்தில் எழுதினேன்.

ஐதராபாத்திலிருந்து கேள்வி வந்தது:
உவரி என்பது பக்க விளைவா?
ஆம் எனில், தீவிரம் எந்த நிலை?

இன்னும் பதில் போடவில்லை.

புது டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்த்து
வாங்கிக்கொண்டு போனாள்.
நெல்லிக்காயாக இருந்த நெறி
சுண்டைக்காய்க்கு இறங்கியிருக்கிறது.
மூன்றையும் உறையிலிட்டு ஒட்டினேன்,
இலையை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல்
மேசை இழுப்பில் போட்டேன்.

தை பிறந்ததும் வேறொரு மருந்து
ஆய்வுக்கு வரலாம் என்கிறார்கள்.
கட்டுக் காகிதம் நேற்றே வந்துவிட்டது.
யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பக்கத்துக்கு
நேராகப் போனேன்.
இருதயம் என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.
கரண்டியை வைத்து
வரி வரியாக மறுபடி எண்ணினேன்.
மூன்று.